நடுக்கழி

1945 பிப்ரவரி 9. பர்மா, ஐராவதியின் கிளையாறு ஒன்று. காலையில் விழுந்த குண்டில், பாலம் கட்டும் படையின் தமிழ்ச் சிப்பாய்கள் இருவர் இறந்தார்கள்.

தனகோடி. சவரிமுத்து.

இருவரையும் கரையில் கிடத்தித் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள்.

அவன் அந்தக் குழுவுக்குத் தலைவன், நாயக். தார்ப்பாயைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்தான். எதிர்க்கரையில் காயம்பட்டவர்கள் பதினொரு பேர் கிடந்தார்கள். எதிரி நெருங்கிக்கொண்டிருந்தான்.

பாலத்துக்கு இன்னும் ஒரே ஒரு இரும்புச் சட்டம் பாக்கி. அதைப் பூட்டி, லாரியால் தள்ளினால் எதிர்க்கரை எட்டும்.

சட்டத்தைத் தூக்க ஆறு பேர் வேண்டும். அடியில் மூன்று கழிகள், கழிக்கு இருவர். அவனையும் சேர்த்து மிஞ்சியது நான்கு பேர்.

கேப்டன் பாலத்தை விட்டுவிட்டுப் பின்வாங்கச் சொன்னார். நான்கு பேரால் ஆகாது என்றார்.

அவர் சொன்னது சரி.

அவன் கழிகளைச் செருகினான். மூன்றையும்.

மற்ற மூவரும் வந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். நடுக்கழியை யாரும் தொடவில்லை. அது இறந்தவர்களுடையது.

தூக்கும் முன் நாயக் பேர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். கழியைப் பிடித்தவன் 'பிடிச்சாச்சு' என்பான். எல்லாக் குரலும் வந்த பிறகுதான் தூக்குவார்கள். இல்லையென்றால் யாருடைய காலாவது நசுங்கும்.

குழந்தைவேலு என்றான். பிடிச்சாச்சு.

கபூர். பிடிச்சாச்சு.

வீரபாகு. பிடிச்சாச்சு.

தனகோடி.

ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது.

சவரிமுத்து.

கேப்டன் போதும் என்றார்.

அவன் தார்ப்பாய்ப் பக்கம் திரும்பினான்.

"செத்ததைச் சாக்கா வெச்சு மட்டம் போடலாம்னு பாக்குறீங்களாடா? வாங்க. வந்து பிடிங்க."

வீரபாகு சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் நின்றது.

பிடிச்சாச்சு.

தனகோடியின் கரகரத்த குரல். அடுத்து சவரிமுத்து, எப்போதும்போலச் சலிப்போடு.

தூக்கு என்றான்.

சட்டம் சாயாமல் எழுந்தது. நடுக்கழி பாரத்தில் வளைந்தது. அதன் இரு முனையிலும் ஆள் இல்லை. கீழே, ஈர மணலில், பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாகப் பதிந்து முன்னேறின.

கேப்டன் உத்தரவை மறுபடி சொன்னார். வழியை விட்டு விலகி நின்றுகொண்டு சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் பாலம் எதிர்க்கரையைத் தொட்டது. பதினொரு பேரையும் தூக்கி வந்தார்கள். ஒருவர் வழியில் இறந்தார்.

பிறகு விசாரணை நடந்தது. எத்தனை பேர் தூக்கினீர்கள் என்று கேட்டார்கள்.

ஆறு பேர் என்றான்.

கேப்டனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மறுக்கவில்லை.

உத்தரவை மீறியதற்காக அவனுடைய கையிலிருந்த நாயக் பதவியின் இரண்டு பட்டைகளும் பறிக்கப்பட்டன.