மொச்சை இல்லாத குழம்பு

பேச்சியம்மாள் வைக்கிற கறிக்குழம்பில் மொச்சை இல்லாத நாளே கிடையாது. அன்றைக்குப் பார்த்து, முந்தின நாளே அதை ஊறப்போட மறந்திருந்தாள். என்ன செய்ய? மிளகாய் வற்றலை இரண்டு கை கூடுதலாக அள்ளி வறுத்து அரைத்து, கறியோடு கொதிக்கவிட்டாள்.

டப்பாவுக்குள் கிடந்த மொச்சைக்கு வயிறு எரிந்தது.

"நான் இல்லாம அதெல்லாம் ஒரு குழம்பா? அந்த மிளகாய்க்கு வந்த வாழ்வைப் பாரேன்!" என்று பக்கத்திலிருந்த உப்பு ஜாடியிடம் பொருமியது.

"வாசனை நல்லாத்தானே வருது?" என்றது ஜாடி.

"வாயில வைக்கட்டும், அப்புறம் தெரியும் சங்கதி."

எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டு வாய் உள்ளே போனதுமே பேச்சியம்மாளின் புருஷனுக்குக் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. பிள்ளைகள் மூக்கை உறிஞ்சினார்கள்.

டப்பாவே குலுங்கும்படி மொச்சை துள்ளியது. "பார்த்தியா! என்னை நினைச்சுத்தான் அழறாங்க. எத்தனை வருஷப் பழக்கம்!"

ஜாடி எட்டிப் பார்த்தது. "அழறது சரி. அழுதுகிட்டே எதுக்கு இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு தட்டை நீட்டறாங்க?"



"பாவம்," என்றது மொச்சை. "துக்கத்துல என்ன செய்யறோம்னே அவங்களுக்குத் தெரியலை."