மருந்து டின்

கீழத்தெரு அடிபம்பருகே, ஏழு மாத வயிற்றோடு நிமிர்ந்து நிற்கிறாள் வேம்பு. காலடியில் ஒரு தகர டின், காலை வெயிலில் வெள்ளிப் பாத்திரமாய் மின்னுகிறது. பயிருக்கு அடிக்கும் மருந்து வந்த டின் அது. காலியானதும், பண்ணைக் காரியஸ்தர் சிங்காரவேலு அவள் புருஷன் மருதையனுக்கு இனாமாகக் கொடுத்தது. அதற்குத் தெருவில் அத்தனை கிராக்கி. பல வீட்டில் குடிதண்ணீரே அதில்தான். தெருமுனையில் விவசாயக் கூலிகளின் சங்கக் கொடி படபடக்கிறது. அதனடியில் சைக்கிளைப் பிடித்தபடி காரியஸ்தர்.

“நல்லா அலசிட்டாப் போச்சு. ஊரே புழங்கலியா?” என்கிறார்.

“மருந்தடிச்ச வயல்ல நண்டெல்லாம் மல்லாந்து கெடக்குதுங்க. என் புள்ளைக்கு இந்தத் தண்ணி வேணாங்க.” வேம்புவின் குரல் உயரவில்லை, தலையும் தாழவில்லை.

“ஒனக்கு வேணாம்னா எனக்குக் குடேன்” என்று கை நீட்டுகிறாள் எதிர்வீட்டு ராமாயி. அவள் மருமகளும் முழுகாமல் இருக்கிறாள். வேம்பு டின்னைக் காலால் மறித்துக்கொண்டு, வேலைக்குக் கிளம்பிக் கடப்பாரையோடு பக்கத்தில் நிற்கும் புருஷனைப் பார்க்கிறாள். “யாரும் எடுக்காதபடி பொத்தல் போட்டுடுங்க.”

மருதையன் காரியஸ்தரைப் பார்க்கிறான். நாளைக்கும் அவரிடம்தான் வேலை. பிறகு கடப்பாரையை ஓங்கி டின்மேல் இறக்குகிறான். தகரம் கிழியும் சத்தத்தில் கொக்குகள் எழும்புகின்றன. நிலையை விட்டுத் தேர் நகர்வதைப் பார்ப்பவள்போல அவன் முதுகையே பார்க்கிறாள் வேம்பு.

சைக்கிள் உருண்டு போகிறது. ராமாயி வீட்டுக்குள் போய், தான் புழங்கும் மருந்து டின்னைத் தூக்கி வந்து தண்ணீரை வாசலில் கொட்டுகிறாள்.

“மருதையா, அந்தக் கடப்பாரையோட இங்க வா.”