மீசையைப் பணயம் வைத்த ஆட்டம்

"காலையில ஒண்ணுக்குள்ள ஒண்ணா இருந்துச்சுவே! மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசந்து எந்திரிச்சுப் பாத்தா, யாருன்னே தெரியாத மாதிரி முழிக்கு. தெனம் தெனம் நானும் எத்தன தடவதான் சேத்து வைக்க?"

நமச்சிவாயம் செல்போனில் போட்ட கூப்பாட்டில், கல்லிடைக்குறிச்சி முழுக்க மாடிகளில் காய்ந்துகொண்டிருந்த அப்பளமெல்லாம் ஒருமுறை எழும்பி அடங்கியது. எந்த வீட்டுப் பெண் வாழாமல் வந்துவிட்டாளோ என்று தெருவில் போனவர்கள் நின்று காது கொடுத்தார்கள்.

பிரிந்தது பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லை. டிவிக்குக் கீழே இருந்த விளையாட்டுப் பெட்டியும் அதன் ஒயரில்லாத கன்ட்ரோலரும்தான். அந்தக் காலத்தில் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கிப் பரணில் எறிந்த ஆட்டங்களையெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நமச்சிவாயமும் அவர் மனைவியின் அண்ணன் திருஞானசம்பந்தமும் பென்ஷன் வந்த கையோடு திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி ஆளுக்கொன்று வாங்கி வந்திருந்தார்கள்.

வாங்கியதோடு சும்மா இருந்தார்களா? சம்பந்தம் தன் வீட்டு டிவியில் வந்த பாயிண்டைப் போட்டோ பிடித்து, நாள் தவறாமல் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். எல்லாம் லட்சக்கணக்கு. நமச்சிவாயத்துக்கு நாலாயிரத்தைத் தாண்டுவதற்குள் நாக்குத் தள்ளியது.

ரோஷம் முற்றி, ஒரு காதுகுத்துப் பந்தியில் இலையில் பாயசம் ஓட ஓடப் பந்தயம் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நேருக்கு நேர் ஆட்டம். தோற்றவர் மீசையை எடுத்துவிட வேண்டும். நமச்சிவாயத்தின் மீசை என்ன லேசுப்பட்டதா? கன்னடியன் கால்வாய்க்குக் குறுக்கே படுக்க வைத்தால் தண்ணீரே நின்று யோசிக்கும்.

அந்த ஞாயிறு இன்றுதான். மச்சான் வரும் நேரம். கன்ட்ரோலரின் பச்சை விளக்கோ சேர இடம் தெரியாமல் மினுக்கி மினுக்கித் தேடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அது ஒரு நேரத்துல ஒரு பெட்டியத்தான் ஞாபகம் வச்சுக்கிடும்," என்றார் போனில் கடைக்காரர் காஜா முகைதீன். "வேற பெட்டியோட சேத்தா பழச மறந்துரும். பேட்டரியக் கழத்தி மாட்டுங்க. இரும்புச் சாமான் கிட்டக்க இருந்தா தள்ளி வைங்க."

சொன்னதுதான் தாமதம். அரிசி டிரம் முற்றத்துக்குப் போனது. இஸ்திரிப் பெட்டி கிணற்றடிக்குப் போனது. பீரோவும் பாதி வழி வந்துவிட்டது.

"இந்தக் கருமத்த ஆத்துல விட்டெறிஞ்சாத்தான் வீடு வெளங்கும்!" அடுக்களையிலிருந்து மனைவி சண்முகசுந்தரி சத்தம் போட்டாள். "மதினி ஊர்ல இல்லேன்னு தெனம் மத்தியானம் அண்ணனுக்கு வெயில்ல சோறு சுமந்துட்டு வாரேன். இங்கன ஒரு துரும்பத் தூக்கிப் போட ஆளில்ல. பீரோவ மட்டும் தூக்கத் தெரியுது!"

நமச்சிவாயத்தின் காதில் அது ஏறவில்லை. வேற பெட்டி! ஊரில் இருக்கும் வேற பெட்டி மச்சானுடையதுதானே! அந்த நேரம் பார்த்து வாசலில் சம்பந்தத்தின் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாரும் மச்சான்! நான் தூங்கையில பைய வந்து இதத் தூக்கிட்டுப் போறீரோ?"

"நெல்லையப்பர் சத்தியமா உம்ம வாசப்படிய மிதிச்சு மாசமாச்சு மாப்ளே!" என்று பதறிய சம்பந்தம், மினுக்கும் விளக்கைப் பார்த்ததும் சட்டென்று முகம் தெளிந்தார். "அடடா, சேரலியாக்கும்? பாவம். அப்ப ஆட்டத்த ஆவணிக்குத் தள்ளி வச்சிருவோம். ஏட்டி சுந்தரி, காப்பி கொண்டா."

"அண்ணாச்சி, பெட்டிக்கு அடியில ஒரு பட்டன் இருக்கும், அத விடாம அமுக்குங்க," என்றது போன்.

அமுக்கினார். விளக்கு மினுக்குவதை நிறுத்திக் கும்மென்று நின்று எரிந்தது.

"சேந்துட்டு! சேந்துட்டுவே!" நமச்சிவாயம் குதித்த குதியில் சம்பந்தத்தின் காப்பி வேட்டிக்கு வந்தது.

முதலில் நமச்சிவாயம் ஆடினார். திரையில் அவருடைய குட்டி ஆள் பள்ளம் தாண்டினான், நண்டை மிதித்தான், பாலத்தில் கால் இடறிச் செத்தான். மூவாயிரத்துச் சொச்சம். மச்சானின் லட்சத்துக்கு முன்னால் இது எம்மாத்திரம்? நமச்சிவாயம் மீசையைக் கடைசியாக ஒருமுறை தடவிக் கொடுத்தார்.

சம்பந்தம் கன்ட்ரோலரை வாங்கினார். தலைகீழாகப் பிடித்தார்.

நமச்சிவாயம் கணக்குப் போட்டுப் பார்த்தார். நேராகப் பிடித்தால் நமக்கு நாலாயிரம். இந்த மனுஷன் தலைகீழாகப் பிடித்தே லட்சம் எடுப்பாராக்கும்!

திரையில் சம்பந்தத்தின் ஆள் மாலை மரியாதைக்குக் காத்திருக்கும் கோயில் கட்டளைக்காரர் மாதிரி நின்றான். பிறகு நேரே நடந்துபோய் முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி எழுந்து மறுபடி விழுந்தான். கடைசி உயிரும் அதே பள்ளத்தில் போனது. பாயிண்ட்: சைபர்.

வீடு இரண்டுபட்டது. நமச்சிவாயம் துண்டைச் சுழற்றினார், டிவியை முத்தமிட்டார், தயாராக வைத்திருந்த சோப்பு நுரையும் சவரக் கத்தியுமாக மச்சானை நெருங்கினார்.

"மாப்ளே, நில்லும்!" சம்பந்தம் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். "வாங்கின அன்னைக்கே என் கன்ட்ரோலர் ரசத்துல விழுந்துட்டுவே! நான் ஒரு நாளும் இத ஆடினதே இல்ல!"

"அப்ப அந்தப் போட்டோவெல்லாம்?"

சம்பந்தம் தங்கையையும், அவள் தினமும் சோறு சுமந்து வரும் கூடையையும் பார்த்தார். சண்முகசுந்தரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"கத்தியக் கீழ வைங்க. உங்கள ஜெயிச்சவளுக்கு மீசையே கெடையாது."