டூப்பின் முகம்

அமெரிக்காவின் கனாப் ஊர்ச் செம்மலைகளில் அறுபது வருடத்துக்கு முன்பு எடுத்த கௌபாய் படம், அழுக்கெல்லாம் துடைத்துப் பளிச்சென்று டிஸ்க்கில் வந்திருந்தது. அம்மா வெர்டாவின் எண்பத்துநாலாவது பிறந்தநாளுக்கு ஜனீல் அதை வாங்கி வந்து போட்டாள்.

"பழைய டேப்பைக் காலையிலேயே குப்பைவண்டியில போட்டுட்டேம்மா. ஒரே கோடு கோடா, கண்ணே அவிஞ்சிடும். இதுல உன் ஹீரோவோட மீசை முடியை ஒவ்வொண்ணா எண்ணலாம்."

குதிரை சறுக்கி விழும் காட்சி வந்ததும் வெர்டா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். முடிந்ததும் ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள்.

"நாலாவது தடவை! இந்த வயசுல அந்தாளு மேல அவ்வளவு காதலா?"

"இங்க ஒரு முகம் தெரியுமேடி. காணோமே."

ஜனீல் டிஸ்க்கோடு வந்த தாளைப் புரட்டினாள். "ஆமா, பெருமையா போட்டிருக்கான். விழும்போது டூப்போட முகம் தப்பா தெரிஞ்சுதாம். அதை அழிச்சுட்டு ஹீரோ முகத்தையே ஒட்டிட்டாங்களாம். அந்த மடையன் எதுக்குக் கேமராவைப் பாத்தானாம்?"

"கேமராவைப் பாக்கலை. அதுக்குப் பக்கத்துல உன்னை வயித்துல சுமந்துக்கிட்டு நான் நின்னேன். என்னைப் பாத்தார்."

ஜனீலின் கையிலிருந்து தாள் நழுவியது. அப்பா குதிரையிலிருந்து விழுந்து செத்தார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். வீடு எரிந்ததில் அவருடைய போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"ஏம்மா இத்தனை வருஷமா சொல்லலை?"

"பெத்த அப்பன் சாகறதையா பொண்ணுக்குக் காட்டுவாங்க?"

திரையில் குதிரை மறுபடி விழுந்தது. ஹீரோ எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடந்தான்.