மாவு கரைத்த கை

குளியலறையில் அவன் கை கழுவிக்கொண்டிருந்தான்.

குழாய் ஓடும் சத்தம் கராஜ் வரை கேட்டது. முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பான். நகக்கண்ணுக்கென்று தனியாக ஒரு பிரஷ் வேறு வாங்கி வைத்திருக்கிறான். இப்போதைக்கு வர மாட்டான்.

அவள் மூடி போட்ட வெள்ளை வாளிக்கு முன்னால் நின்றாள்.

வலது கையில் இட்லி மாவு. கரைத்துக்கொண்டிருந்தவள் கையை வழித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள்.

காலையிலிருந்து வீடு முழுக்க வெந்த தானிய வாசம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை அவனே உடைத்தான். வெந்நீரில் ஊறப்போட்டு, நகராமல் நின்று சூடு பார்த்தான். சாற்றை வடித்தான். கசப்புக்கு ஏதோ ஒரு பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து ஆறவைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரு டம்ளர் காபி கலந்து கொடுத்தவனில்லை.

முதன்முதலாக வீட்டில் காய்ச்சும் பீர். இனி ஈஸ்ட்டைத் தூவி மூட வேண்டியதுதான் பாக்கி.

"கை மட்டும் படக் கூடாது அம்மிணி. பட்டுச்சுன்னா அத்தனையும் புளிச்சுப்போயிரும். சாக்கடையிலதான் ஊத்தோணும்."

காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் கை பட்டால் மெல்பர்ன் குளிரிலும் மாவு பொங்கும்.

மகள் தாரணியின் தலைமேல் கை வைத்து அவன் சத்தியம் செய்திருந்தான். கடைச் சரக்கை இனித் தொட மாட்டேன், குடித்தால் நானே காய்ச்சியதைத்தான் குடிப்பேன் என்று.

குடிகாரனுக்குச் சாக்கா கிடைக்காது என்று அவள் மனதுக்குள் சிரித்தாள்.

ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பாத்திரம் தேடினான், படித்தான், பார்லி வரவழைத்தான். வாரங்கள் ஓடின. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. கை நடுக்கம் நின்றது. சாப்பாட்டில் உப்புக் குறைவு என்றுகூடச் சொன்னான். அதைக் கேட்டு அவளுக்கு அழுகை வந்தது.

போன வாரம் தாரணி அவனோடு காரில் கடைக்குப் போனாள். தானாகவே முன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

அவன் குடித்துவிட்டுக் காரை மதில்மேல் மோதிய நாளிலிருந்து தாரணி அதில் ஏறியதில்லை. அவளுக்கு இடது கை விரல்களை இன்னும் முழுதாக மடக்க வராது.

கார் சாவி இப்போது கதவோரத்து ஆணியில் தொங்கியது. எல்லார் வீட்டிலும் தொங்குவது போல. அதற்கு முன்பு அதன் இடம் அரிசி டப்பா. அவன் புட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டதும் இவள் ஓடிப்போய் அரிசிக்குள் புதைத்துவிடுவாள்.

இந்த பீர் கெட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி பார்லி, மறுபடி காத்திருப்பு. அத்தனை நாளும் வீட்டில் ஒரு மனுஷன் இருப்பான்.

அவள் கேட்டது அவ்வளவுதான்.

குழாய்ச் சத்தம் நின்றது.

மூடியைத் தூக்கினாள். கையை முழங்கை வரை விட்டாள். மாவு கரைப்பது போலவே, அடியிலிருந்து ஒரு கலக்கு.

பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

அதன்பிறகு அவன் தினமும் வாளியில் காதை வைத்துக் கேட்டான். குமிழி விடுகிறது, குமிழி விடுகிறது என்று குதித்தான். புட்டிகளில் அடைத்தான். மறுபடி காத்திருந்தான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் புட்டியைத் திறந்தான்.

புஸ்ஸென்று நுரை எழுந்தது. கூடவே வாசமும் வந்தது. மூன்றாம் நாள் மாவு வாசம்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அவன் ஒரு வாய் குடித்தான். முகம் சுருங்கியது. கண்ணாடி டம்ளரை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தான். மோந்து பார்த்தான்.

ஆறுதல் வார்த்தையை அவள் தயாராக வைத்திருந்தாள். விடுங்க, அடுத்த தடவை நல்லா வரும்.

அவன் அதைக் கொட்டத் தொட்டிப் பக்கம் போகவில்லை.

தலையை அண்ணாந்து, டம்ளர் காலியாகும் வரை குடித்தான்.

"புளிச்சா என்ன அம்மிணி. நானே காச்சுனதுதானே."

இரண்டாவது புட்டியைத் திறந்தான். சுவரோரம் இன்னும் ஏராளமாக இருந்தன. சத்தியத்துக்கு ஒரு குறையும் இல்லை.



மாடியிலிருந்து தாரணி கூப்பிட்டாள். அவளும் அப்பாவும் காரில் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு.

"அப்பா, கெளம்பலாமா?"

"இதோ வர்றேன் சாமி."

மூன்றாவது புட்டியின் மூடி தரையில் விழுந்து உருண்டது.

அவள் சமையலறைக்குள் போனாள். போகிற வழியில் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

அரிசி டப்பாவைத் திறந்தாள். கையை முழங்கை வரை விட்டாள்.