புறா வளர்ப்பு

பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் யாருக்கும் புதிதாக பயோடேட்டா அடிப்பதில்லை. கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, பெயர், வயது, படிப்பு, முன் அனுபவத்தை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். நூற்பாலை மூடிய பதினெட்டாம் நாள் சூசைமாணிக்கம் அங்கே போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைப்பெண், நேற்று வந்துபோன யாரோ ஒரு தமயந்தியின் பெயரை அழித்துக்கொண்டே கேட்டாள்.

“ஹாபி அப்படியே இருக்கட்டுமாண்ணே? கேரம், புறா வளர்ப்பு.”

அவர் திரையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே கடையில், அவர் சொல்லச் சொல்ல அடித்தது. அப்போது மொட்டை மாடியில் ஒன்பது புறாக்கள் இருந்தன. மில்லில் ஷிஃப்டு மாறி மாறி வந்ததில், வேளைக்குத் தீனி வைக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகப் போய்விட்டன.

“எல்லாருக்குமா புறா போடுவீங்க?”

“யாரும் அதுவரைக்கும் படிக்க மாட்டாங்கண்ணே. ஆனா ராசியான ஃபைலு. இதுல அடிச்சுட்டுப் போன நெறைய பேருக்கு வேல கெடச்சிருக்கு.”

“மொதல்ல அடிச்சவனுக்கு?”

“அது யாருனு தெரியல. நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே இருக்கு.” கொஞ்சம் யோசித்தாள். “மறுபடி வந்து அடிக்கலைல. கெடச்சிருக்கும்.”

பெயர் இருந்த இடம் காலியாகிவிட்டது. அங்கே கர்சர் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.

“பேரு சொல்லுங்கண்ணே,” என்றாள்.