இடப்பக்க மட்கார்டு

மூன்றாவது அடி விழுந்ததும் பெரியவர் சுத்தியலைக் கீழே வைத்தார். மேஜைமேல் கவிழ்த்துக் கிடந்த மட்கார்டின் உட்புறத்தில் 417 என்று பதிந்திருந்தது. இந்தப் பட்டறையில் பிறந்த முதல் பொய் கட்டைவிரல் அகலம்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டே இருக்கை கொண்ட, அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சம்பந்தியின் தகப்பனார் ஆசையாக வாங்கியது. இடப்பக்க முன் மட்கார்டும் கதவின் கீழ்ப்பாதியும் துருவேறி, விரலால் குத்தினால் பொத்துக்கொள்ளும் நிலையில் பட்டறைக்கு வந்தது.

ஒன்றரை மாதம் மற்ற வேலைகளைத் தள்ளி வைத்தார். வலப்பக்கத்தின்மேல் காகிதத்தை ஒட்டி அளவெடுத்து, அதைத் திருப்பிப் போட்டுப் புதுத் தகட்டை வெட்டினார். மணல் மூட்டைமேல் வைத்து மரச் சுத்தியால் வளைவு தட்டி, உருளைக்குள் விட்டு வழவழப்பாக்கினார். வலப்பக்கத்தைத் தடவிப் பார்க்கும்போதெல்லாம், அப்பாவுக்குப் பிறகு இப்படியொரு கையைக் கண்டதில்லை என்று முகம் தெரியாத அந்தக் கம்பெனித் தொழிலாளியை மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

பொருத்தியபோது பானட்டுக்கும் புது மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி நெடுக ஒரே சீராக ஓடியது. பள்ளத்தை நிரப்பி மறைக்கும் பட்டி ஒரு பொட்டுகூட வைக்கவில்லை. அத்தோடு நின்றிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

சம்பந்தி விடவில்லை. பழைய கார் சங்கத்திலிருந்து பரிசோதிக்க ஆள் வருகிறது. எல்லாத் தகடும் கம்பெனித் தகடுதான் என்று எழுதிக் கொடுத்தால்தான் வண்டிக்கு மரியாதை. கம்பெனியில் ஒவ்வொரு மட்கார்டின் உட்புறமும் வண்டியின் எண்ணை அடித்து அனுப்புவார்கள். புதியதிலும் அதை அடித்துவிடுங்கள் என்றார்.

முடியாது என்றார் பெரியவர். இங்கே செய்யும் எந்தத் தகட்டிலும் உள்மூலையில் ஒரு சின்ன வட்டம் அடிக்க வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். நம் வேலை நம் வேலையென்று தெரிய வேண்டும், இன்னொருவன் பெயரில் ஓடக்கூடாது என்பார் அப்பா. அந்தச் சட்டத்துக்காகப் பெரிய மனிதர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிய குடும்பம் இது.

சம்பந்தி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “உங்க பொண்ணு இப்ப எங்க வீட்டுப் பொண்ணு. அவ மாமனார் நாலு பேர் முன்னாடி தலை குனிஞ்சு நின்னா, அவளுக்கு மட்டும் நல்லாவா இருக்கும்?”

மகளை இழுத்த பிறகு பெரியவர் இணங்கினார். கழற்றிய பாகங்களுக்கு வரிசை எண் அடிக்க அப்பா வைத்திருந்த நம்பர் பஞ்ச் பெட்டியை எடுத்தார். அதில் ஏழுக்கு மட்டும் வால் முனை உடைந்திருக்கும். எட்டு வயதில் அவரே சிமெண்ட் தரையில் போட்டு உடைத்தது. உடைத்தவனுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று அப்பா மாற்றாமலே விட்டுவிட்டார். வேறு ஏழு வாங்கலாம். கடைக்காரன் எதற்கென்று கேட்பான், பொய் இரண்டாகும்.

எண் வண்டிப் புத்தகத்தில் இருந்தது; எழுத்தின் வாகுக்கு வலப்பக்கத்து எண்ணைப் பார்த்து அதன்படி அடித்திருக்கலாம். அதன்மேல் பழைய தார் மொத்தமாக அப்பியிருந்தது. சுரண்டிப் பார்க்க அவருக்குக் கூசியது. கள்ளக் கையெழுத்துப் போடுகிறவன்தான் அசலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வான்.

வட்டம் அடிக்க வேண்டிய மூலையை வெறுமையாக விட்டார்.

பட்டறைக்கு வந்த பரிசோதகர் ஒரு நடுவயதுப் பெண். எங்கள் அப்பா காலத்திலிருந்து வெளி ஆள் கை படாத வண்டி என்று சம்பந்தி பெருமையடித்ததைக் காதில் வாங்காமல், டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்துவிட்டார். இடப்பக்கத்தில் வெளிச்சம் வெகுநேரம் நகரவில்லை.

“ஐயா, இங்க ஏழுல முனை ஒடஞ்சிருக்கே.”

சம்பந்தி கண்ணால் ஜாடை காட்டினார். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுபத்திரண்டு வயதில் ஒரு பெண்ணின் முன்னால் தலை கவிழ்வதைவிட, அந்த வெறும் மூலையை நினைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டுவதுதான் கடினம் என்று தோன்றியது. மகளிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

“அம்மா, அதைப் பத்தி நான் ஒண்ணு சொல்லணும்.”

“கொஞ்சம் இருங்க. அந்தப் பக்கத்தையும் பாத்துடறேன்” என்று பரிசோதகர் வலப்பக்கம் நகர்ந்து, மண்ணெண்ணெயில் நனைத்த துணி ஒன்று கேட்டார். பெரியவரே எடுத்துக் கொடுத்தார். தாரைத் துடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முழுசான ஏழு ஒன்று அங்கே வெளியே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரிந்துவிடும். அதற்குள் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார். “இந்தப் பட்டறையில இதுவரைக்கும் இப்படி நடந்ததில்லம்மா. எங்கப்பா மட்டும் இருந்திருந்தா என் கையை ஒடிச்சிருப்பார்.”

துணி நின்றது. காருக்கு அடியிலிருந்து பரிசோதகரின் குரல் சாவகாசமாக வந்தது.

“எதுக்குய்யா இவ்வளவு பயப்படறீங்க? இந்தப் பக்கமும் அதே ஒடஞ்ச ஏழுதான்.”